அணைச்சு வெச்ச மெஷின்

இல்லீங்க, கெட்டெல்லாம் போகலீங்க. இது இப்படித்தானுங்க இருக்கும். கறுப்பா, எழுத்து மட்டும். நீங்க ஏறுனதுல இருந்து எட்டி எட்டிப் பாத்துட்டு வர்றீங்க, பாவம் இந்தாளு லேப்டாப்பு படுத்துக்கிச்சாட்ட இருக்குதுன்னு நெனைச்சிருப்பீங்க. என்ற சம்சாரமும் அப்படித்தான் கேக்கும். படம் இல்லை, ஒண்ணும் இல்லை, என்னத்தை அப்படி முழுசா உத்துப் பாத்துட்டு ஒக்காந்திருக்கறீங்கன்னு.

இதுதானுங்க என்ற பொழப்பு. என்ற பேரு சென்னியப்பன். ஒரு காலேஜுல சிஸ்டம் அட்மின். எந்தக் காலேஜுன்னு கேக்காதீங்க, பெருந்துறைப் பக்கம்னு வெச்சுக்குங்க. அங்க இருக்கற கம்ப்யூட்டர் பூராத்தையும் பாத்துக்கறது நானுதான். ஆனா முக்கியமான கம்ப்யூட்டர் அங்க இல்லீங்க. அது ஐதராபாத்துல எங்கியோ ஒரு கட்டடத்துக்குள்ள இருக்குது. வாடகைக்கு எடுத்திருக்கறோம். நான் அதைக் கண்ணுல பாத்ததே இல்லீங்க. அதுக்கு ஸ்கிரீன் கெடையாது, கீபோர்டு கெடையாது, பக்கத்துல ஆளும் கெடையாது. இங்கிருந்து நான் ஒரு வரி அடிச்சா அங்க அது கேக்கும். பதிலும் எழுத்துலதான் வரும். இப்ப பஸ்ஸுல ஒக்காந்துக்கிட்டே அடிக்கறேன் பாருங்க, அங்க அது கேக்குது.

சத்தியமாச் சொல்றேனுங்க, எனக்கு மனசே சரியில்லை. யாருகிட்டயாச்சும் சொல்லோணும்னு இருந்துச்சு. காலேஜுல சொல்ல முடியாது. நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாலயே அங்க எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. எங்கூட்டுல சொன்னா, "நீங்க பண்ணுனது தப்புத்தான்"னு ஒரே பேச்சுல முடிச்சுப்போடும். நீங்க அசலூரு ஆளு. என்னையும் தெரியாது, அந்தப் புள்ளையையும் தெரியாது. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

முதல்ல அந்த சர்வரு சங்கதியச் சொல்லிப்போடறேன், அது தெரியாம மத்தது வெளங்காது. லைன் வூடு பாத்திருக்கறீங்கல்லங்க? நம்ம பக்கம் நெறைய இருக்குது. ஒரே எடம், ஒரே செவுரு, வரிசையாப் போர்ஷன் போர்ஷனாப் பிரிச்சு வாடகைக்கு வுட்டிருப்பாங்க. அதேதானுங்க இதுவும். ஒரு பெரிய கம்ப்யூட்டரு, அதுக்குள்ள இல்லாத கம்ப்யூட்டரா நான் பிரிச்சுப் பிரிச்சு வுட்டிருக்கறேன். விர்ச்சுவல் மெஷின்னு சொல்லுவோம். இந்தப் பேரு, இத்தனை மெமரி, இத்தனை டிஸ்க்குன்னு ஒரு வரி அடிச்சா ஒரு மெஷின் பொறந்துரும். ஒரு வரி அடிச்சா அணைஞ்சுக்கும். இன்னொரு வரி அடிச்சா இல்லாமயே போயிரும். குடியிருக்கறவங்களுக்கு அது தெரியாது. அவிங்க தனி வூட்டுல இருக்கறதாட்டத்தான் நெனைச்சுக்குவாங்க.

இதுல மெமரிங்கறது மேல இருக்கற டேங்குத் தண்ணியாட்டம். யாரு கொழாயைத் தொறந்து வெச்சிருக்கறாங்களோ அவிங்களுக்குப் போயிக்கிட்டே இருக்கும். மூடுனாத்தான் அடுத்த வூட்டுக்கு வரும். டிஸ்க்குங்கறது ரூமு. கொழாயை மூடிப்போட்டு, ரூமைப் பூட்டிப்போட்டு ஊருக்குப் போனாலும் சாமானமெல்லாம் உள்ளதான் இருக்கும். அவ்வளவுதானுங்க. ஓடற மெஷினுக்குத் தண்ணியும் வேணும், ரூமும் வேணும். அணைச்சு வெச்ச மெஷினுக்கு ரூமு மட்டும் போதும்.

எங்க காலேஜுல என்ன ரோதனைன்னா, ஒருத்தரும் கொழாயை மூட மாட்டாங்க. மெஷின் வேணும்னு வந்து நிப்பாங்க, வாங்குவாங்க, ரெண்டு நாளைக்கு வேலை பாப்பாங்க, அப்படியே ஓட வுட்டுட்டுப் போயிருவாங்க. மெக்கானிக்கல்ல ஒரு புரபசரு வேலையை வுட்டுட்டு மலேசியாவே போயிட்டாரு, அவரு மெஷின் இன்னும் ஓடிக்கிட்டிருக்குது. எங்க டீன் இருக்கறாரே, அவரு தன்னோட மெஷினுக்குப் பேரே "தொடாதே"ன்னு இங்கிலீசுல வெச்சிருக்கறாரு. உள்ள என்ன இருக்குதுன்னு அவருக்கே தெரியாது. அதுவும் ஓடும்.

அப்பறம் புதுசா யாராச்சும் மெஷின் கேட்டா, மெமரி இல்லை. பழியெல்லாம் என்ற மேல. அதனால நான் ஸ்டாஃப் வாட்ஸப் குரூப்புல போட்டேன். வேலை முடிஞ்சா தயவுசெஞ்சு மெஷினை அணைச்சுட்டுப் போங்க, அடுத்தவங்களுக்கும் ஆகும், அப்படீன்னு. எல்லாரும் கட்டைவெரல் போட்டாங்க. ஒருத்தரும் அணைக்கலை.

அணைச்சது ஒரே ஒரு ஆளுங்க. மேகலா.

அது எலக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மெண்ட்டு. கான்ட்ராக்ட் லெக்சரரு. விசயமங்கலத்துல இருந்து டவுன் பஸ்ஸுல வரும். பாடமும் எடுத்துக்கிட்டு, பி.எச்.டியும் பண்ணிக்கிட்டிருந்துச்சு. வேலை முடிஞ்சதும் அணைச்சுப்போடும். அணைச்சுட்டு எனக்குப் போனும் பண்ணும். "சார், அணைச்சுட்டேங்க சார்." மறுக்கா வேலை ஆரம்பிக்கறப்ப, "சார், போட்டுக்கட்டுங்களா சார்?" எதுக்குங்க எங்கிட்டக் கேக்கோணும்? போடறதுக்கு அணைக்கறதுக்கெல்லாம் அதுக்கே பர்மிசன் குடுத்து வெச்சிருந்தேன். குரூப்புல கூட ஒருக்கா எழுதுனேன், மேகலா மேடத்தைப் பாத்துக் கத்துக்கோங்கன்னு. பாராட்டுனது நானு, அதை நீங்க மனசுல வெச்சுக்கோணும். ஆனா தெனமும் சாப்பிட ஒக்காந்தா போன் வருது. ஒரு நாளு கொஞ்சம் வெடுக்குன்னே சொல்லிட்டேன், அம்மிணி, அணைச்சதையெல்லாம் எங்கிட்டச் சொல்லிக்கிட்டிருக்கோணும்னு இல்லை, எனக்கு வேற வேலை இருக்குதுன்னு. சரிங்க சார்னுச்சு. அதோட போன் நின்னுபோச்சு.

அந்த மெஷினுக்குள்ள என்ன இருந்துச்சுன்னா, இருமலுங்க.

சிரிக்காதீங்க. நானும் முதல்ல சிரிச்சேன். நம்ம பக்கம் பூராவும் ஸ்பின்னிங் மில்லுதானுங்களே. பஞ்சு தூசி உள்ள போயிப் போயி நுரையீரலு கெட்டுப்போகும். முதல்ல சும்மா இருமலாட்டத்தான் இருக்கும். அது சாதா இருமலா, பஞ்சு இருமலான்னு டாக்டரு கண்டுபுடிக்கறதுக்குள்ள ஆளு பாதி ஆகிப்போகும். இந்தப் புள்ளை என்ன பண்ணுச்சுன்னா, ஒரு மில்லுல புதுசாச் சேர்ற பொம்பளைங்களைப் புடிச்சு, சேந்த அன்னைக்கே அவிங்களை இருமச் சொல்லிப் பதிவு பண்ணிக்கிச்சு. அப்பறம் மாசாமாசம் அதே ஆளுங்களை. இருமலு எப்ப மாறுது, எப்படி மாறுதுன்னு மெஷினை வெச்சுக் கேக்கோணும். அப்படி ரெண்டு வருசத்துக்கும் மேல. மில்லு கேட்டுக்கிட்ட நின்னு, ஷிப்டு முடிஞ்சு வர்றவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து, கெஞ்சிக் கூத்தாடிச் சேத்துனது.

அதுல பாருங்க, காலேஜு கமிட்டி ஒண்ணு இருக்குது. அவிங்க கண்டிசனாச் சொல்லிட்டாங்க, இது ஆளுங்களோட ஒடம்பு சம்பந்தப்பட்டது, பென் டிரைவுல வெக்கக் கூடாது, சொந்த லேப்டாப்புல வெக்கக் கூடாது, காலேஜு சர்வருல மட்டும்தான் இருக்கோணும்னு. வேற யாராச்சுமா இருந்தா ஒரு காப்பியைத் திருட்டுத்தனமா வெச்சிருப்பாங்க. நானா இருந்தா வெச்சிருப்பேன். அது வெக்கலீங்க. ஒருக்கா எங்கிட்டக் கேட்டுச்சு, சார், இதுக்கு எங்கியாச்சும் இன்னொரு காப்பி எடுத்து வெக்க முடியுங்களான்னு. நான் சொன்னேன், அம்மிணி, அது ஐதராபாத்துல போலீசு பந்தோபஸ்தாட்ட எடத்துல இருக்குது, அங்கிருந்து ஒண்ணும் போகாதுன்னு. அங்கிருந்து போகாதுதானுங்க. நான் சொன்னதுல என்ன பொய்யி?

சரி, விசயத்துக்கு வர்றேன். அன்னைக்கு என்ற தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து. மாப்பிள்ளை வூட்டுக் கோயிலு மண்டபத்துல. தாய்மாமன் நானு ஒருத்தன்தான். மடியில ஒக்கார வெக்கோணும், சீரு செய்யோணும், கையில சந்தனம், சுத்தி ஒறம்பரை, சொந்தபந்தம். அந்த நேரம் பாத்து டீன் போன் பண்றாரு. விடிஞ்சா மக்கா நாளு டெல்லியில இருந்து கமிட்டி வருது, காலேஜோட சாதனையெல்லாம் காட்டறதுக்கு ஒரு மெஷின் வேணும், பெருசா வேணும், இன்னைக்கே வேணும். சார், நான் காதுகுத்துல இருக்கறேனுங்கன்னேன். அதுக்கென்ன, நீங்க எங்கிருந்தும் பண்ணலாம்னு நீங்கதானே பெருமையாச் சொல்லுவீங்கன்னாரு.

சாப்பாட்டுக் கூடத்துல ஒரு மேசையில லேப்டாப்பை வெச்சுத் தொறந்தேன். மெஷினை உண்டாக்கற வரியை அடிச்சா, டிஸ்க்குல எடமில்லைன்னு வருது. ரூமு இல்லீங்க. எல்லாப் போர்ஷனும் ரொம்பிக் கெடக்குது. அக்கட்ட என்ற தங்கச்சி கூப்பிடுது, அண்ணா, நல்ல நேரம் முடியப் போகுது, ஆசாரி ஊசியக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாருன்னு. மாமன் எங்க, மாமன் எங்கன்னு ஒரே சத்தம். பையன் வேற இன்னும் குத்தறதுக்கு முன்னாலயே அழுகுறான். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

ஓடற மெஷினைத் தொட முடியாது. அதுல யாராச்சும் வேலை பாத்துட்டிருப்பாங்க. பூட்டிக் கெடக்கற போர்ஷனுன்னா ஆளு இல்லைன்னுதானுங்களே அர்த்தம்? என்னங்க? ஊருக்குப் போயிருப்பாங்கங்கறீங்களா? அது சரிதான். அதுக்குச் சொல்லிட்டுப் போகோணுமல்லங்க.

ஒரே வரிங்க. அணைஞ்சு கெடக்கற மெஷினையெல்லாம் எடு, ஒவ்வொண்ணா அழி, அதோட டிஸ்க்கையும் சேத்து அழி. படம் இருக்கற கம்ப்யூட்டருன்னா ஒரு பொட்டி வரும், நெசமாவே அழிக்கட்டுமான்னு கேக்கும். இதுல அதெல்லாம் கெடையாது. சொன்னாச் செஞ்சுப்போடும். எனக்கு அதுல புடிச்சதே அதுதானுங்க. பேரு பேராப் போயிட்டே இருந்துச்சு. பழைய பசங்க புராஜெக்ட்டு, வேலையை வுட்டுப் போனவங்களோடது, யாரும் கேக்க மாட்டாங்கன்னு நானே எப்பவோ அணைச்சு வெச்சது, எல்லாம் நெசமாவே குப்பைங்க. அதுக்கு நடுவுல அந்தப் புள்ளையோடதும் போச்சு.

பேரைப் பாக்கலையான்னு கேப்பீங்க. பாத்தேனுங்க. டிபார்ட்மெண்ட்டு பேரு, ஒரு நம்பரு. அவ்வளவுதான் இருக்கோணும்னு நான்தான் ரூலு போட்டிருந்தேன். அதையும் அது ஒண்ணுதான் மதிச்சிருக்குது. டீனாட்டம் "தொடாதே"ன்னு வெச்சிருந்தா எனக்கு உறைச்சிருக்குமல்லங்க? உள்ள தொறந்து பாத்திருக்கலாமேன்னும் கேப்பீங்க. தொறக்கோணும்னா மெஷினைப் போடோணும். போடோணும்னா மெமரி வேணும். மிச்சம் இருந்த மெமரி டீன் மெஷினுக்கே சரியா இருந்துச்சு, மத்ததைத்தான் எல்லாரும் ஓட வுட்டிருக்கறாங்களே.

டீனுக்கு மெஷின் ரெடியாயிருச்சு. நானும் ஓடிப் போயிப் பையனை மடியில வெச்சுக்கிட்டேன். நல்லபடியாக் குத்தியாச்சு.

அந்தக் கமிட்டிக்காரங்க வந்தாங்க. இளநி குடிச்சாங்க, விருந்து சாப்பிட்டாங்க, சால்வை போட்டுக்கிட்டாங்க. அந்த மெஷினைப் பாக்க அவிங்களுக்கு நேரமில்லாமப் போச்சு. அதுக்கு நான் என்ன பண்றதுங்க.

அவிங்க கெளம்புன அன்னைக்கு மேகலா என்ற ரூமுக்கு வந்துச்சு. கையில சோத்துப் பையி அப்படியே இருக்குது. வாசப்படிக்கு வெளியவே நின்னுக்கிட்டு, "சார், என்னோட மெஷின் லிஸ்ட்டுல இல்லீங்க சார். நான் எதாச்சும் தப்பாப் பண்ணிட்டனுங்களா?"ன்னு கேட்டுச்சு.

எனக்கு அப்பத்தான் காதுகுத்து அன்னைக்கு அடிச்ச அந்த வரி ஞாபகம் வந்துச்சு. அது ஓடாம இருந்துச்சு அம்மிணின்னேன். ஆமாங்க சார், நீங்க சொன்னீங்கன்னு அணைச்சு வெச்சிருந்தேன்னுச்சு. அப்பவும் அதுக்குப் புரியலீங்க. நான் எதோ அதை வேற எடத்துக்கு மாத்தி வெச்சிருக்கறேன், இப்ப எடுத்துக் குடுத்துருவேன்னு நிக்குது. அழிச்சதைச் சொன்னேன். உள்ள வந்து சோத்துப் பையை மேசை மேல வெச்சுப்போட்டு சேர்ல ஒக்காந்துக்கிச்சு. அழுகலை. திட்டலை. முதல் இருமலெல்லாம் அதுலதானுங்க இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுச்சு. மறுக்கா பதிவு பண்ணிக்கலாமேன்னு நான் சொன்னேன். நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். அது என்னைப் பாத்து, கெட்டுப்போன நெஞ்சுல நல்ல இருமலை எங்க போயிங்க சார் எடுக்கறதுன்னுச்சு.

நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. ஐதராபாத்துக்காரங்களுக்குப் போனுக்கு மேல போனு. மேனேஜரு வரைக்கும் பேசுனேன். அவிங்க சொல்லிட்டாங்க, அந்த எடத்துல வேற மெஷினு குடி வந்துருச்சு, மேலயே எழுதியாச்சு, இனி எடுக்க முடியாதுன்னு. டீனோட மெஷின்தான், அந்த ரூமுலயே போயி ஒக்காந்திருக்குது.

இதுல ஒரு கொடுமை கேளுங்க. ஓடிக்கிட்டிருக்கற மெஷினோட டிஸ்க்கைத் தெரியாம அழிச்சுப்போட்டாலும் அது ஒடனே போகாதுங்க. மெஷின் அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டிருக்கும். அணைக்கற வரைக்கும் உசுரோட இருக்கும், அதுக்குள்ள நாம காப்பி எடுத்துப்போடலாம். நான் ரெண்டு தடவை அப்படிக் காப்பாத்தியிருக்கறேன். மேகலா மட்டும் மத்தவங்களாட்டம் அலட்சியமா ஓட வுட்டுட்டுப் போயிருந்தா, நானும் அழிச்சிருக்க மாட்டேன், அப்படியே அழிச்சிருந்தாலும் எடுத்துக் குடுத்திருப்பேன். இதை அதுகிட்டச் சொன்னேனுங்க. சமாதானமா இருக்கும்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதாட்ட இருக்குது. அது மொகம் போன போக்கு இன்னும் என்ற கண்ணுல நிக்குது.

அப்பறம் டீன் மீட்டிங்கு போட்டாரு. எல்லா ஸ்டாஃபும் ஒக்காந்திருக்கறாங்க. நான் பதிலெல்லாம் தயாரா வெச்சுக்கிட்டுப் போனேன். அது எதாச்சும் கத்தும், பேசும், நாமளும் நாலு வார்த்தை பேசலாம்னு இருந்தேன். டீன் கேட்டதும் எந்திரிச்சு, "சார் மேல தப்பில்லீங்க. அணைச்சு வெச்சது நான்தான்"னு சொல்லிட்டு ஒக்காந்துக்கிச்சு. அவ்வளவுதான். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பாக்கறாங்க. என்னைத் திட்டியிருந்தா எனக்கு இத்தனை அவமானம் இல்லீங்க. என்னைக் காப்பாத்தறேன்னு சொல்லி சபையில நிக்க வெச்சுப்போட்டுது. வேணும்னு செஞ்சுச்சா, வெள்ளந்தியாச் செஞ்சுச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புடிபடலை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. இன்னும் வருது.

அந்த வாரமே ஒரு பொம்பளையைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. ருக்குமணின்னு பேரு. மில்லுல புளோ ரூமுல, பஞ்சைப் பிரிக்கற எடத்துல வேலை, அங்கதான் தூசி சாஸ்தி. அந்தப் புள்ளை பதிவு பண்ணுனதுல ருக்குமணியோடதுதான் முதல்லயே மாறுன இருமலுங்களாம். அதை சர்வருல இருந்தே ஈரோட்டுல ஒரு டாக்டருகிட்டக் கேக்க வெச்சிருக்குது. சேந்தப்ப இருந்த இருமலும் இப்ப இருக்கற இருமலும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, இது மில்லு குடுத்த வியாதின்னு நான் எழுதித் தர்றேன், வைத்தியத்துக்கு மில்லுக்காரங்க பொறுப்பேத்துக்கோணும்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு. இப்ப ரெண்டுமே இல்லை. மில்லுக்காரங்க, வர்றப்பவே நீ இருமிக்கிட்டுத்தானே வந்தேங்கறாங்களாம்.

அந்தக்கா என்னைப் பாத்துச் சிரிக்குது. "என்ற இருமலைக் காணோமாமுங்களே சாமி? இப்ப வேணும்னா இருமட்டுங்களா?"ன்னு கேட்டுச்சு. கேட்டதும் நெசமாவே இருமலு வந்துருச்சு. செவுத்தைப் புடிச்சுக்கிட்டு இருமுதுங்க, நிக்கவே மாட்டேங்குது. நான் தண்ணி எடுத்துக் குடுத்தேன். மேகலா அவசரமாப் போனை எடுத்துப் பதிவு பண்ணப் போயி, அப்பறம் காலேஜு கமிட்டி சொன்னது ஞாபகம் வந்து உள்ள வெச்சுக்கிச்சு. அப்பக் கூட ரூலுங்க. பதிவு பண்ணு அம்மிணி, யாரு பாக்கறாங்கன்னு நானே சொன்னேன். வேண்டாங்க சார், இன்னொரு மெஷின் குடுங்க, அதுல முறைப்படி பண்ணிக்கறேன்னுச்சு. பழசு போனது போகட்டும், இனி இவிங்களுக்கு வியாதி எங்க வரைக்கும் போகுதுன்னாச்சும் பதிவுல இருக்கட்டும், புதுசாச் சேர்றவங்களையும் சேத்துக்கறேன்னுச்சு. அந்தப் புள்ளையோட பி.எச்.டிக்கு இனி எத்தனை வருசம் ஆகுமோ, கான்ட்ராக்ட்டு இருக்குமோ இருக்காதோ, அதையெல்லாம் அது பேசலை.

குடுக்க மாட்டேன்னா சொல்லுவேன்? ஆனா நெலைமை என்ன ஆகிப்போச்சு தெரியுங்களா? இந்த விசயம் காலேஜு பூராப் பரவிருச்சல்லங்க, அன்னையில இருந்து ஒருத்தனும் மெஷினை அணைக்கறதில்லை. முன்னாலயாச்சும் சோம்பேறித்தனத்துல ஓட வுட்டாங்க. இப்ப பயந்துக்கிட்டு ஓட வுடறாங்க. லீவுல போனாலும் ஓடுது. டெல்லிக்காரங்க பாக்காத டீன் மெஷினும் ஓடுது. வேலை பாதியில நின்னுபோனதும் ஓடுது. சும்மா இருந்தா நான் காலின்னு நெனைச்சுருவனாம், அதனால உள்ள எதையாச்சும் கணக்குப் போட வுட்டுட்டுப் போறாங்க. மெமரி ஒரு சொட்டு இல்லீங்க. குரூப்புல கெஞ்சி எழுதுனேன், மேகலா மேடத்துக்கு ஒரு மெஷின் வேணும், யாராச்சும் ஒருத்தரு அணைச்சு ஒதவுங்கன்னு. எல்லாரும் கும்புடு போட்டாங்க. ஒருத்தரும் அணைக்கலை. மலேசியாக்காரருக்கு எழுதுனேன். இருக்கட்டும் சார், எப்பவாச்சும் தேவைப்படும்னு பதில் போட்டாரு.

அப்பறம் ருக்குமணியோட அது மறுக்கா வந்தப்ப, மெமரி ஒண்ணுமே இல்லை அம்மிணின்னு அதுகிட்ட லிஸ்ட்டையே தொறந்து காட்டுனேன். இதோ இந்த ஸ்கிரீன்தானுங்க. அது வரி வரியாப் படிச்சுது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஓடுது, ஓடுது, ஓடுதுன்னு இருக்குது. கடைசியில ஒண்ணுல விரலை வெச்சு, இது எந்த டிபார்ட்மெண்ட்டுதுங்க சார்னு கேட்டுச்சு.

அது என்றதுங்க. உங்ககிட்ட மறைச்சேன்னு இல்லை, சொல்றதுக்கு வாய்ப்பு வரலை. எங்க கூட்டத்துக் குலதெய்வம் கோயிலு கும்பாபிசேகம் நடந்துச்சு. அந்தப் போட்டோ, வீடியோ எல்லாம் போட்டு ஒரு சைட்டு பண்ணியிருக்கறேன். அமெரிக்காவுல, துபாயில இருக்கற எங்க பங்காளிங்க பாப்பாங்க. முன்ன பாத்தாங்க, இப்ப அவ்வளவாப் பாக்கறதில்லை. சாமி காரியம், அதுக்கு எத்தனை எடம் ஆயிரப்போகுது? சரி, வீடியோ இருக்கறதால கொஞ்சம் பெருசுதான். காலேஜுல யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லை.

கோயிலுதுங்க அம்மிணின்னேன். அது ஒண்ணும் தப்பா எடுத்துக்கலீங்க. நெம்ப மரியாதையாவே கேட்டுச்சு. நான் பதிவு பண்ற நேரம் மட்டும் இதை அணைச்சு வெக்க முடியுங்களா சார், என்ற வேலை முடிஞ்சதும் என்றதை அணைச்சுருவேன், நீங்க உங்களதைப் போட்டுக்கலாம், டிஸ்க்கு இப்ப எடம் இருக்குதுங்களே, மாத்தி மாத்தி வெச்சுக்கலாம்னுச்சு. ருக்குமணி சேர்ல ஒக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டிருக்குது.

நியாயமாப் பாத்தா சரிதானுங்க அது சொன்னது. எனக்கும் தெரியுது. சரின்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். ஆனா என்ன வந்துச்சுன்னா, "அணைச்சு வெச்சா யாராச்சும் அழிச்சுப்போடுவாங்க அம்மிணி"ன்னு வந்துருச்சு.

அது ஸ்கிரீன்ல இருந்து விரலை எடுத்துச்சு. அப்பறம் மெதுவா, நெசமாவே சந்தேகம் கேக்கறாப்பல, "அழிக்கறது நீங்க ஒருத்தர்தானுங்களே சார்?"ன்னு கேட்டுச்சு.

நான் லிஸ்ட்டை மூடுனேன். அது ருக்குமணியக் கையைப் புடிச்சு எந்திரிக்க வெச்சு, வாங்கக்கா போலாம்னு கூட்டிட்டுப் போயிருச்சு. வராண்டா முக்கு திரும்பற வரைக்கும் அந்தக்கா இருமறது கேட்டுக்கிட்டிருந்துச்சு.

நீங்களே சொல்லுங்க, அது என்ன கேள்விங்க? என்றதை நானே போயி அழிச்சுருவனா? அழிக்க மாட்டேன். எனக்குத் தெரியாதா? நெம்ப நல்லாத் தெரியும். அன்னைக்கே வூட்டுக்குப் போயி, சரி, அணைச்சுப்போட்டு அந்தப் புள்ளைக்குப் போன் பண்ணிச் சொல்லலாம்னு ஒக்காந்தேனுங்க. வரியெல்லாம் அடிச்சுட்டேன். கடைசியா ஒரு தட்டுத்தான் பாக்கி. கை போகலீங்க. மக்கா நாளும் அடிச்சேன், போகலை. நேத்தும் அடிச்சேன். இப்பக் கூட, நீங்க வந்து ஒக்காரறதுக்கு முன்னால, அதைத்தான் அடிச்சு வெச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன். அழிக்கற கை வேற எவன் கையாச்சும் இருந்தா நம்பி அணைச்சுருவேனுங்க. என்ற கையாப் போச்சு.